காய்ச்சல் என்று சொன்னோம்

பாரிஸில் எங்கள் சனம் கடை போட்டிருக்கிற லா சப்பலில் ஒரு சீலைக்கடையில் நிற்கிறவள் நான். மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்கிற சாமத்தியவீட்டுக்கு உடுப்பு எடுக்க வருகிற தாய்மாருக்கு, எந்த நிறம் பிள்ளைக்கு எடுப்பாக இருக்கும், எந்தக் கரை வீடியோவில் நன்றாக விழும் என்று சொல்லிச் சொல்லியே தொண்டைத்தண்ணி வற்றினவள். அப்படிப்பட்டவளின் மகள் பெரியபிள்ளையானால் நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் நடக்காத மாதிரிப் புத்தகப் பையைத் தூக்கிக் கையில் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவதா? தெருவே கைகொட்டிச் சிரிக்காதா? "ஏன் அனுப்பவில்லை?" என்று ஒரு பொலிஸ்காரி என்னைக் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்கிறவர்கள் கேளுங்கள்.

மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. இளையவள் அவளுக்கு ஒரு வயது பின்னால். இருவரும் கொலேஜ் என்கிற ஒரே நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஒரு திங்கட்கிழமை காலை மூத்தவள் குளியலறைக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாம் படிப்பித்திருக்கிறார்களாம். பாடத்துக்கு நேரமாகிறது என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு சப்பாத்தைத் தேடினாள்.

"எங்கையடி போறாய்? அதிலேயே இரு, ஒண்டையும் தொடாதை" என்று கத்தினேன்.

ஓல்னே-சூ-புவாவில் இருக்கிற மச்சாளுக்கு, அதுதான் என் கணவரின் தமக்கைக்கு, உடனே போன் அடித்தேன். மத்தியானத்துக்குள் ரயிலேறி வந்துவிட்டார். பையில் முட்டை, நல்லெண்ணெய், உழுத்தம்மா, பிஞ்சுக் கத்தரிக்காய் எல்லாம் இருந்தன. எங்களுடையது இரண்டு அறை வீடு. பிள்ளைகளின் அறையில் என் பழைய சீலை ஒன்றைக் குறுக்கே கட்டி, அந்தப் பக்கம் மூத்தவளுக்குப் பாய் போட்டோம். துடக்கு என்பதால் அவளுக்குத் தனிக் கோப்பை, தனி டம்ளர். காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்கத் தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும். வேறு ஒன்றும் அகப்படாமல் மச்சாள் குசினிக் கத்தியை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். காலையில் பச்சை முட்டை, பிறகு அந்தக் கோது நிறைய நல்லெண்ணெய். முதல்நாள் அவள் சத்தி எடுத்தாள். மச்சாள் மூக்கைப் பொத்திப் பிடித்துத் திரும்பப் பருக்கினார். பிற்காலத்தில் இடுப்பு முறியாமல் இருக்கவென்றுதான் பருக்கினார், கொடுமைப்படுத்தவா பருக்கினார்?

இவர், என் கணவர், வேலையால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மூண்டு நாள் வச்சிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவம்."

"தண்ணி வாக்காமல் வெளியிலை விடுறதோ? உனக்கென்ன விசரே?" என்று மச்சாள் பாய்ந்தார். மனுசன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

உண்மையில் துடக்குக் கழியத் தண்ணி வார்ப்பது அந்தக் கிழமையே முடிந்திருக்க வேண்டியது. முதல் தண்ணி வார்க்க வேண்டியது தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி, அவன் கனடாவில். "நான் வராமல் ஆர் தண்ணி வாக்கிறது? எனக்கு இருக்கிறதே ஒரு அக்கா" என்று போனில் அழுதான். அவனுக்கு லீவு கிடைக்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும், ஐயர் சொன்ன நாளும் பொருந்தி வர வேண்டும். இப்படியே இரண்டு கிழமை இழுபட்டது. என் மகள் சீலை மறைப்புக்குள் பாயில் இருந்தபடி போனில் கணக்குப் பாடம் செய்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நான் உழுத்தங்களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. முதலில் இவருக்கு. இவர் ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. பக்கத்தில் வேலை செய்கிற ஆட்கள், அந்தப் பக்கம் போனில் ஒரு இளந்தாரி. தன் மகள் பெரியபிள்ளையானதை ஒரு தகப்பன் எந்த வாயால் இன்னொரு ஆம்பிளைக்குச் சொல்லுவான்? காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமை எனக்கு எடுத்தார்கள். கடையில் சனம். இவ்வளவு நாளும் காய்ச்சலா என்று கேட்பார்களே என்று பயந்து, கொப்பளிப்பான் என்று சொல்லிவிட்டேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உடம்பெல்லாம் புள்ளி என்று. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வருத்தம் சொல்லியிருக்கிறோம் என்பது இரவு சாப்பிடும்போதுதான் தெரிந்தது. அப்போது சிரித்தோம். கடவுளே, வயிறு நோகச் சிரித்தோம்.

மூன்றாவது பதிலை இளையவள் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு அம்மா அன்பாகக் கேட்டாராம். பதினொரு வயதுப் பிள்ளை, பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்க நாங்களும் மறந்துபோனோம். "அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளை வெளியில் விடுவதில்லை, ஒருத்தரும் தொடக்கூடாது, தனிக் கோப்பையில்தான் சாப்பாடு, கனடாவிலிருந்து மாமா வரும் மட்டும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டாள். எல்லாம் சரிதானே? ஒரு சொல்லாவது பிழையா?

தம்பி வந்தான். புறநகரில் மண்டபம் எடுத்தோம். சிவப்புக் கூறைக்கரைச் சீலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, பூச்சடை என்று கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து நானே உடுத்தினேன். தம்பி கோட்டும் சூட்டுமாக நின்று மருமகளுக்கு மாலை போட்டு, கையில் காப்பு மாட்டினான். "கோடைக்கு உன்னைக் கனடா கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லி அவள் தலையைத் தடவினான். அவள் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள். அந்தப் படத்தை மச்சாளின் மகள் அன்றிரவே இணையத்தில் போட்டாள். மூத்தவளின் வகுப்பிலே யாரோ கண்டு, ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பி, கடைசியில் அது ஆசிரியர்களின் கண்ணிலும் பட்டுவிட்டது.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு கிழமை பள்ளிக்கூடம் வராத பிள்ளை. தகப்பன் ஒன்று சொல்கிறான், தாய் வேறொன்று சொல்கிறாள். தங்கச்சி, அக்காவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்கிறாள். பிறகு ஒரு படம்: பன்னிரண்டு வயதுப் பிள்ளை கல்யாணப் பொம்பிளை மாதிரி நிற்கிறது, பக்கத்தில் நாற்பது வயது ஆம்பிளை மாலை போடுகிறான். திரும்பப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையே, கோடையில் அவனோடு கனடா போகப்போகிறேன் என்று சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களுடைய இடத்தில் நான் இருந்தால் நானும் பொலிஸுக்குத்தான் எடுத்திருப்பேன். இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடம் மண்ணாய்ப் போக என்று திட்டினேன்.

பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பாடம் தவறினதைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தோம். இவர் வழியெல்லாம் கொப்பளிப்பானைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே போனால் சாதாரண உடுப்பில் இரண்டு பொலிஸ் இருந்தார்கள். பிள்ளைகள் இருவரையும் ஏற்கனவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களையும் கொண்டுபோய் வெவ்வேறு அறையில் இருத்தினார்கள். பிள்ளையைக் கட்டாயக் கல்யாணத்துக்குக் கொடுக்கப் பார்த்ததாகச் சந்தேகம், படிப்பைத் தடுத்தது வேறு, பெற்றோர் தங்கள் கடமையை இப்படிக் கைவிட்டால் சட்டத்தில் சிறைக்கும் இடமுண்டு என்று வாசித்தார்கள். சிறை என்ற சொல்லை நான் காதிலேயே வாங்கவில்லை. பிள்ளைகள் எங்கே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர், பென்ஷன் எடுத்த ஐயா, என் தகப்பனின் வயது. வணக்கம் சொல்லி, "பயப்படாதீங்கம்மா, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க" என்றார். நல்ல மனுசன். அதுதான் பிரச்சனை. அந்த ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என் மகளின் தீட்டைப் பற்றி நான் எப்படிக் கதைப்பது? "பொம்பிளைப் பிள்ளையளின்ரை விசயம்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எதையோ சொன்னார். பொலிஸ்காரி, "என்ன விசயம்?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அங்கேயே ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பிறகு என் மகள் சொன்னதை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அறையில் அடைத்து வைத்தீர்களா? ஓம். தனிக் கோப்பையா? ஓம். தங்கச்சி தொடக்கூடாது என்று சொன்னீர்களா? ஓம். பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துப் பருக்கினீர்களா? நான் இல்லை, மச்சாள். பார்த்துக்கொண்டிருந்தீர்களா? ஓம். தலையணைக்குக் கீழே கத்தி வைத்தீர்களா? ஓம். பள்ளிக்கூடத்துக்குப் பொய் சொன்னீர்களா? ஓம். பிள்ளை இதற்கு விருப்பப்பட்டதா?

"அதை ஆர் பிள்ளையிட்டைக் கேக்கிறது?" என்றேன். அந்த ஐயா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அதைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கண் சொன்னது போல இருந்தது. ஆனால் அவர் வேலை அது, சொன்னார். பொலிஸ்காரி எழுதினாள்.

கடைசியில் படத்தைக் காட்டி, "இந்த ஆண் யார்?" என்று கேட்டாள். "என்ரை தம்பி. எங்களிலை தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் கல்யாணம் நடக்கிறதில்லை, அவன் தகப்பன் மாதிரி" என்றேன். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அழுகிற அழுகையில் வெட்கமும் போய்விட்டது. அவளுக்கு முதல் தீட்டு வந்தது, எங்கள் முறை இது, வேறொன்றும் இல்லை என்று அந்த ஐயாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இதை முதல்நாள் போனில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு வசனத்தை விழுங்கினதுக்குத்தான் அவ்வளவும்.

அன்று மாலை பிள்ளைகளை எங்களோடு அனுப்பவில்லை. விசாரணை முடிந்து நீதிபதி பார்க்கும் வரைக்கும் இருவரும் ஒரு விடுதியில் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். எந்த இடம் என்று கூடச் சொல்லவில்லை. வெறும் வீட்டுக்கு வந்து அந்தச் சீலை மறைப்பை இழுத்து விழுத்தினேன். சீலை கிழிந்தது. இவர் ஒரு மூலையில் குந்தியிருந்து, "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். "சொன்னனீங்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்" என்று கத்தினேன். எங்கள் கல்யாணத்தில் அப்படியொரு சண்டை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

நான் கடைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்வது? பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறி வாங்க வருகிற சனமெல்லாம் கடை வாசலில் ஒருதரம் நின்று பார்த்துவிட்டுப் போனது. "பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போட்டாங்களாம்" என்று என் காது கேட்கவே சொன்னார்கள். அதே வாய்கள்தான் மண்டபத்தில் வந்து வயிறாரச் சாப்பிட்டவை. ஒருத்தி மட்டும் கிட்ட வந்து, "அக்கா, என்ரை மகளுக்கும் போன மாசம், நானும் காய்ச்சல் எண்டுதான் சொன்னனான்" என்று குசுகுசுத்துவிட்டு, சீலை ஒன்றும் எடுக்காமல் போய்விட்டாள்.

இரண்டு கிழமை கழித்து நீதிமன்றத்தில் பிள்ளைகளைக் கண்டேன். மூத்தவளை நான் மறைப்புக்குள் வைத்திருந்த அதே அளவு நாளை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் நீதிபதி ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். கல்யாணச் சந்தேகத்துக்கு ஒரு ஆதாரமும் இல்லை, அது முடிந்தது என்றார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு கல்வி அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதுவரைக்கும் பிள்ளைகள் நாட்டை விட்டு வெளியே போக முடியாது, ஒரு பாடம் காரணமில்லாமல் தவறினாலும் தனக்குத் தெரியவரும் என்றார். பாடம் தவறவிட்டதுக்கும் பொய் சொன்னதுக்கும் தனியாக அரச வழக்குரைஞரின் ஆள் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பெற்றோர் எப்படி நடக்க வேண்டும் என்று படிப்பிக்கிற வகுப்புக்கு அனுப்பினார். நானும் இவரும் சின்னக் கதிரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நாங்கள் ஒரு பாடமும் தவறவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மூத்தவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அழுகை முடிய முதலே கேட்டுவிட்டேன்: "ஏன் பிள்ளை எல்லாத்தையும் போய்ச் சொன்னனீ?"

அவள் என்னைத் தள்ளவில்லை. பிரெஞ்சில்தான் சொன்னாள். "அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை."

இளையவள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொன்ன சொல்லால்தான் தானும் அக்காவும் அந்த விடுதியில் கிடக்க நேர்ந்தது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. நான் அவள் பக்கம் திரும்பி, "உன்ரை வாய்தானடி எல்லாத்துக்கும் காரணம்" என்று சொன்னதாக மூத்தவள் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன், என் வாயும் சும்மா கிடக்கிற வாய் இல்லை.

கல்வி அலுவலராக வந்தவள் ஒரு சின்னப் பெண், சுருட்டை முடி. முதலில் தேத்தண்ணி கூட வாங்க மாட்டாள். போகப்போக என் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். பிள்ளைகளைச் சென் தெனிப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போவாள், தனியாகக் கதைப்பாள். எனக்கு உள்ளுக்குள் எரியும், ஆனால் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுவேன். பிள்ளைகள் கண்முன்னே இருந்தால் போதும் என்று இருந்தேன். தடிமனோ இருமலோ, நானே பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். இளையவளுக்கு ஒருநாள் உண்மையாகவே காய்ச்சல். அன்றைக்கும் அனுப்பினேன், பள்ளிக்கூடத்திலிருந்து அவர்களே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு வருடம் முடிகிற நேரம் அந்தப் பெண் கடைசித் தடவையாக வந்தாள். பிள்ளைகள் இருவரும் கட்டிலில் இருந்தார்கள், இவர் குசினி வாசலில் நின்றார். எல்லாம் நல்லபடி, தான் நீதிபதிக்கு அப்படித்தான் எழுதப்போகிறேன் என்றாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அந்தச் சந்தோசத்தில், அவள் கேட்காமலே, நான் பல நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"இளையவள் இப்போது பதின்மூன்று. அவள் பெரியபிள்ளையானால் மறைப்பும் இல்லை, முட்டையும் இல்லை. அன்றைக்கே பள்ளிக்கூடம் அனுப்புவேன். பள்ளிக்கூடத்துக்கு உண்மையைச் சொல்லுவேன். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வந்து தண்ணி வார்ப்பான், அவ்வளவுதான். அதுவும் அவள் விரும்பினால்." பிரெஞ்சில் இவ்வளவு நீளமாக நான் ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரு பிழை விடவில்லை. கடையில் அவளுக்கென்று ஒரு மாம்பழ மஞ்சள் சீலை எடுத்து ஒளித்து வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெண் என்னைப் பாராட்டுவாள் என்று பார்த்தேன். அவள் இளையவளைப் பார்த்தாள். இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் தங்கச்சியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் நான்கு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியாத ஏதோ ஒன்று அந்த அறையில் இருந்தது. இவர்தான் முதலில் விளங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"போன மாரிக்கு" என்றாள் மூத்தவள். "நான்தான் எல்லாம் வாங்கிக் குடுத்தனான்."

நான் இளையவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள், வளர்ந்திருந்தாள், சட்டை தோளில் இறுகியிருந்தது. ஒரு வீட்டில், ஒரு குளியலறையில், ஒரு மாரிக் குளிர் முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் ஒளித்திருக்கிறாள். கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு மேலால் வேறொன்று வந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

"ஏன் பிள்ளை அம்மாட்டைச் சொல்லேல்லை? அண்டைக்கு நீ என்ன செய்தனீ?"

எப்போதும் எனக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள், எனக்கு வடிவாக விளங்க வேண்டும் என்று நினைத்தவள் மாதிரி.

"பள்ளிக்கூடம் போனனான், அம்மா."